மூன்று கம்பிகளும் ஓர் ஒளியிழையும்

ஆறு ஒலிபெருக்கிகளைக் கணிப்பொறியோடு எந்தக் கம்பியால் இணைப்பது என்பது ஒரு வரலாற்றுப் பேச்சுக்கு உரிய பொருளா என்று நேயர்கள் ஐயுறலாம். கடைக்காரர் ஒரே சொல்லில் தீர்த்து வைக்கும் காரியம் அது. எர்ணாகுளத்தில் சண்முகம் சாலையில், முன்னாளில் மேனகா திரையரங்கு நின்ற இடத்தில் எழுந்துள்ள வணிக மாளிகையில் நுழைந்து கேட்டால், "டிஜிட்டல் இருக்கும்போது அனலாக் எதற்கு?" என்னும் எதிர்க்கேள்வியே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். அந்தச் சாலைக்குப் பெயர் தந்தவர் கோயம்புத்தூர்க்காரர். 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்து, பின்னர்ச் சுதந்தர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியார். அங்கே கடைக்குப் போகும் தமிழர்களில் அதனை நினைப்பவர் சிலரே. பெயர்கள் அவ்வாறு தேய்ந்துபோவது போலவே, டிஜிட்டல், அனலாக் என்னும் சொற்களும் பொருள் தேய்ந்து, ஒன்று உயர்ந்தது மற்றது தாழ்ந்தது என்று காட்டும் விலைச்சீட்டுகளாகிவிட்டன. அவை அவ்வாறு ஆன கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறோம்.

கதையில் நமக்கு ஒரு தனிப்பட்ட பங்கும் உண்டு. தேவராவிலும் பெருமானூரிலும், வெண்டுருத்திப் பாலத்துக்கு அப்பால் வாத்துருத்தியிலும், காயலின் மறுகரையில் மட்டாஞ்சேரியிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் கற்கிறார்கள். தமிழ் அவர்கள் செவிக்கு வருவது இரண்டே வழிகளில்: ஒன்று அடுக்களைப் பேச்சு, மற்றொன்று திரைப்படம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கும் ஆறு ஒலிபெருக்கிகளில், நடுவே வைக்கப்படும் ஒன்றிலிருந்துதான் திரைப்படத்தின் உரையாடல் பெரும்பகுதி பிறக்கிறது. பக்கங்களிலிருந்து இசையும், பின்னாலிருந்து மழையும் கூட்டத்தின் ஆரவாரமும் வருகின்றன. தனியாகத் தரையில் அமரும் பெட்டியிலிருந்து இடியும் முரசும் எழுகின்றன. கம்பியைப் பொருத்துவதில் பிழை நேர்ந்தால் முரசு வந்துவிடும், சொல் வாராது. சொல்லை இழந்த தமிழ்ப்படம் நம் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கும்?

முதலில் இரு சொற்களின் பொருளைத் தெளிவு செய்துகொள்வோம். ஒலி என்பது காற்றின் அசைவு. அந்த அசைவின் ஏற்ற இறக்கத்தை அப்படியே மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமாக்கிக் கம்பியில் அனுப்புவது அனலாக் முறை. இதனை அலைவழி என்று கூறலாம். அசைவின் அளவை ஒரு நொடியில் பல்லாயிரம் முறை அளந்து, அளந்த ஒவ்வொன்றையும் ஓர் எண்ணாகக் குறித்து, எண்களின் வரிசையை அனுப்புவது டிஜிட்டல் முறை. இதனை எண்வழி எனலாம். ஆனால் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு எண்ணை அறியாது; நம் செவிப்பறையும் அறியாது. ஆகவே, கணிப்பொறிக்குள் எண்ணாக இருக்கும் பாட்டு, நம்மிடம் வந்து சேருமுன் எங்கேனும் ஓரிடத்தில் அலையாக மாற்றப்பட்டே தீரவேண்டும்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்க்கு இது பழகிய நிலைமை. ஆங்கிலக் கோப்பைத் தலைமையகத்திலேயே தமிழாக்கி அனுப்புவதா, மூலத்தையே அனுப்பிச் சேரும் ஊரில் தமிழாக்கிக்கொள்வதா என்பது ஒவ்வோர் அலுவலகத்திலும் எழும் கேள்வி. மொழிபெயர்ப்பாளர் எங்கே நல்லவரோ அங்கே மொழிபெயர்ப்பதுதான் முறை. மூலத்தை அனுப்பிவிட்டதனாலேயே மொழிபெயர்ப்பு நன்றாகிவிடாது. சேருமிடத்தில் மொழிபெயர்ப்பாளரே இல்லையென்றால் கோப்பு உறையிலேயே கிடக்கும். கம்பியைத் தெரிந்தெடுப்பதும் இதுவே. கணிப்பொறியில் உள்ள மாற்றி சிறந்ததா, ஒலிபெருக்கிப் பெட்டியில் உள்ள மாற்றி சிறந்ததா, அப்பெட்டியில் மாற்றி என ஒன்று இருக்கிறதா என்பவையே கேள்விகள்.

இதனோடு இன்னொரு கேள்வியும் பின்னிக் கிடக்கிறது. எத்தனை ஒலிகள், எத்தனை பாதைகள் என்பது அது. அதுதான் பழமையானது.

1881ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் மின்சாரப் பொருட்காட்சி ஒன்று நடந்தது. கிளெமான் அடேர் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், ஓபரா அரங்கின் மேடை விளிம்பில் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, கம்பிகளைப் பொருட்காட்சி மண்டபம் வரை இழுத்தார். கேட்க வந்தவர் இரு கைகளிலும் இரு தொலைபேசிக் குழல்களை ஏந்தி இரு காதுகளிலும் வைத்துக்கொண்டார். ஒரு குழலுக்கு மேடையின் இடப்புறத்திலிருந்தும் மற்றதற்கு வலப்புறத்திலிருந்தும் கம்பி வந்தது. பாடகர் மேடையில் நடந்தால், நடப்பது செவிக்குத் தெரிந்தது. இரண்டு காதுக்கு இரண்டு கம்பி என்னும் எளிய நியதி அன்று பிறந்தது. அதன்பின் வந்த நூற்றிருபது ஆண்டுகளின் உழைப்பெல்லாம், அந்த நியதியை எப்படிச் சிக்கனப்படுத்துவது என்பதிலேயே சென்றது என்றால் மிகையாகாது.

பேசும்படம் வந்தபொழுது இந்த உண்மை மறுபடியும் நினைவுக்கு வந்தது. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் 'காளிதாஸ்' வெளியாயிற்று, டி. பி. ராஜலட்சுமியின் குரல் திரைக்குப் பின்னாலிருந்து எழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் என்னும் இளம் பொறியாளர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நடிகர் திரையின் ஓரத்துக்கு நடந்துபோக, குரல் மட்டும் நடுவிலேயே நிற்கும் விந்தைக்கு அவர் பரிகாரம் தேடினார். இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில், அதன் இரு சரிவுகளிலும் இரு வேறு ஒலிகளை வெட்டலாம் என்று அவர் கண்டார். ஒரு பாதையில் இரண்டு பயணிகள்! 1942இல், போர்க்கால ரேடார்க் கருவியைச் சோதிக்கச் சென்ற விமானம் விழுந்து அவர் மாண்டார். அவருடைய முறையிலான ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958ஆம் ஆண்டளவில்தான் கடைக்கு வந்தன.

நாற்புறமும் சூழ்ந்த ஒலியைத் திரையரங்கில் முதலில் பெரிய அளவில் முயன்றவர் வால்ட் டிஸ்னி. 1940ஆம் ஆண்டில் வெளியான 'ஃபாண்டேஷியா' என்னும் படத்துக்காக, படச்சுருளோடு இணைந்து ஓடும் தனிச் சுருள் ஒன்றில் மூன்று ஒலித்தடங்களும், அவற்றின் உரப்பை ஆளும் நான்காவது தடமும் வைக்கப்பட்டன. யந்திரத்தின் செலவையும் அமைக்கும் தொல்லையையும் தாங்கக்கூடிய அரங்குகள் மிகச் சிலவே. போர் வந்தது, அம்முறை மறைந்தது. பாதைகளைப் பெருக்கினால் ஒலி அழகாகும், ஆனால் செலவு தாங்காது. 1953இல் சினிமாஸ்கோப் படங்கள் நான்கு காந்தத் தடங்களோடு வந்தபொழுதும் பெரும்பாலான அரங்குகள் ஒற்றைத் தடத்தோடு அமைதிகொண்டன.

1970களில் வேறொரு தந்திரம் கையாளப்பட்டது. நான்கு ஒலிகளைக் கணித முறையில் ஒன்றோடொன்று கலந்து இரண்டு தடங்களில் அடக்கி, அரங்கில் மீண்டும் நான்காகப் பிரிப்பது. வீட்டு இசைத்தட்டில் இது தோற்றது. ஒன்றுக்கொன்று பொருந்தாத பல முறைகளைப் பல நிறுவனங்கள் விற்றதனால் வாங்கியவர்கள் குழம்பினர். ஆனால் திரையரங்கில் டால்பி நிறுவனம் அதனை வென்று காட்டியது. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் விண்கலம் தலைக்கு மேல் பறந்துசெல்வதாகத் தோன்றியது இந்த அலைவழிக் கலவையின் திறமையால்தான். அங்கே எண் ஒன்றுமில்லை.

தமிழ்ப்படம் இந்தப் பாதையில் சற்றுத் தாமதமாகவே நடந்தது. 1978இல் வந்த 'ப்ரியா'வின் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்தார். 1986இல் 'மாவீரன்' 70 மில்லிமீட்டர் அகலத் தமிழ்ப்படமாக வெளியாயிற்று. 70 மில்லிமீட்டர்ச் சுருளில், ஓரங்களில் பூசிய காந்தப் பட்டைகளில் ஆறு தடங்கள் அமையும். ஆறு ஒலிகளுக்கு ஆறு தனிப் பாதைகள். இதில் நம் கொச்சி சென்னைக்கு முந்திக்கொண்டது. காக்கநாட்டில் நவோதயா அப்பச்சன் நிறுவிய படப்பிடிப்பு நிலையத்திலிருந்து, அவர் மகன் ஜிஜோவின் இயக்கத்தில், 1982ஆம் ஆண்டிலேயே 'படையோட்டம்' 70 மில்லிமீட்டரில் வந்தது. அதற்கு முன் வந்த இந்திய 70 மில்லிமீட்டர்ப் படங்களின் வேலையில் ஒரு பகுதி வெளிநாட்டில் நடந்தது. 'படையோட்டம்' முழுவதும் இந்த நாட்டிலேயே உருவாயிற்று.

அதே ஆண்டுகளில் இதே ஊரில், திரைப்படத்தோடு சிறிதும் தொடர்பில்லாத இன்னோர் இடத்தில், நாற்புற ஒலியைப் பற்றிய வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. அது எண்வழியின் உண்மையான பெருமை எங்கே இருக்கிறது என்பதை நன்கு காட்டுவதனால், அதனைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

1971ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவு, டையூ கடற்பரப்பில் நம் 'குக்ரி' என்னும் போர்க்கப்பலைப் பாகிஸ்தானிய நீர்மூழ்கியான 'ஹங்கோர்' தாக்கி மூழ்கடித்தது. கப்பல் தலைவர் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். நீருக்கடியில் ஒலியால் துருவும் கருவிக்கு சோனார் என்று பெயர். எதிரி தொலைவிலிருந்தே 'குக்ரி'யைக் கேட்டறிய முடிந்தது. 'குக்ரி'யால் எதிரியை உரிய வேளையில் கேட்டறிய முடியவில்லை. அந்தப் போருக்குப்பின், பிரிட்டிஷ் வழியில் வந்த பழைய சோனாரைச் சீர்திருத்தும் பணியில் ஈடுபட்டவர் ஆரோக்கியசாமி பால்ராஜ் என்னும் இளம் கடற்படை அதிகாரி. அவர் 1944இல் பொள்ளாச்சியில் பிறந்த தமிழர். 1970களின் பிற்பகுதியில் அவர் கொச்சிக்கு வந்தார். இங்கே 1952இல் கடற்படையின் இயற்பியல் ஆய்வுக்கூடமாகத் தோன்றி வளர்ந்ததும், இன்று திருக்காக்கரையில் இயங்குவதுமான கடற்படை இயற்பியல், கடலியல் ஆய்வுக்கூடத்தில், 'அப்ஸோ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் புதிய சோனாரை உருவாக்கும் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். 1980களின் தொடக்கத்தில் அது 'ஹிம்கிரி' என்னும் கப்பலில் பொருத்திச் சோதிக்கப்பட்டது.

நாற்புறமும் கேட்கும் சோனாரின் தத்துவம் இது: கப்பலின் அடியில் பல செவிகள் வளையமாக அமைந்திருக்கும். ஒரு திசையிலிருந்து வரும் ஒலி எல்லாச் செவிகளையும் ஒரே கணத்தில் தொடாது. ஒன்றை முந்தியும் ஒன்றைப் பிந்தியும் தொடும். அந்த முந்துதல் பிந்துதல்களைச் சரியாக ஈடுசெய்து எல்லாவற்றையும் கூட்டினால், அந்தத் திசையின் ஒலி மட்டும் ஓங்கி, மற்றவை அடங்கும். இதனை அலைவழியில் செய்ய, ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி மின்சுற்று வேண்டும். வெப்பம் மாறினால் சுற்றின் அளவும் மாறும். எண்ணாக்கிவிட்டாலோ, தாமதம் என்பது நினைவகத்தில் சில இடங்கள் தள்ளிப் படிப்பதுதான், கூட்டல் வெறுங்கூட்டல்தான். எண்ணுக்குப் புழுக்கமும் இல்லை, துருவும் இல்லை. எண்வழியின் வலிமை கணக்கிடுவதில் இருக்கிறது என்பதை இந்தக் கருவி உணர்த்துகிறது. பால்ராஜ் பின்னாளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்று, பல வான்கம்பிகளைக் கொண்டு ஒரே அலைவரிசையில் பல செய்திகளை ஒருசேர அனுப்பும் முறையை வகுத்தார். இன்று நம் வீட்டு வைஃபைப் பெட்டியில் இருப்பது அதுவே. 2014இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது. பல செவி, பல பாதை என்னும் ஒரே சிந்தனை பொள்ளாச்சிக்காரர் ஒருவரைக் கொச்சிக் கடலிலிருந்து கலிபோர்னியா வரை கொண்டுசென்றிருக்கிறது. வெண்டுருத்திப் பாலத்தைக் கடந்து கடற்படைத் தளத்துக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் தமிழர்களில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள் என்று நாம் வியப்பதுண்டு.

இனித் திரைக்குத் திரும்புவோம். எண்வழி ஒலி 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தின் மூலம் டால்பி முறையிலும், 1993இல் 'ஜுராசிக் பார்க்' மூலம் டி.டி.எஸ். முறையிலும் அரங்குக்கு வந்தது. டால்பியார் படச்சுருளின் ஓரத் துளைகளுக்கு இடையே உள்ள சிறு சிறு இடங்களில் எண்களைப் புள்ளிகளாக அச்சிட்டனர். டி.டி.எஸ். முறையில் ஒலி தனி வட்டத்தட்டில் இருக்கும்; படச்சுருளில் நேரக்குறி மட்டும் ஓடும். இரு முறையிலும் பழைய அலைவழித் தடத்தை அவர்கள் அழிக்கவில்லை. எண்ணைப் படிக்கும் கருவி தடுமாறினால், அக்கணமே ஒலி அலைவழித் தடத்துக்குத் தாவிக்கொள்ளும். எண்வழியைக் கண்டவர்களே அலைவழியைக் காவலுக்கு வைத்திருந்தார்கள் என்பது கடைக்காரருக்குச் சொல்லத்தக்க செய்தி.

1995இல் பி. சி. ஸ்ரீராம் இயக்கிய 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவோடு வந்தது. அது இன்னும் அலைவழி. 1996இல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியோடு வந்தது. இந்த மாற்றத்தைச் சென்னையில் கைப்பட நடத்தியவர்களுள் தலையாயவர் ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதர். 'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஆகிய படங்களுக்காகத் தேசிய விருது பெற்றவர். 2008இல் இளவயதிலேயே காலமானார். இசையமைப்பாளர்களை அறிந்த அளவுக்கு நாம் இத்தகையவர்களை அறியோம். சொல் தெளிவாகக் கேட்பது எவர் உழைப்பால் என்பதைப் படம் பார்ப்பவர் எண்ணுவதே இல்லை.

கணிப்பொறிக்கு ஒலி வந்த கதை சிங்கப்பூரில் தொடங்குகிறது எனலாம். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் அந்த நகரில், சிம் வோங் ஹூ என்பவர் நிறுவிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் 'சவுண்டு பிளாஸ்டர்' என்னும் ஒலியட்டையை வெளியிட்டது. அது ஒற்றைத் தட ஒலிதான் தந்தது. அதற்கு முன் பெரும்பாலான கணிப்பொறிகள் "பீப்" என்று கத்துவதோடு சரி. பத்தாண்டுகளில் நான்கு ஒலிபெருக்கிகளும், பிறகு ஆறும் வந்தன. துளைகள் பெருகவே, எது எதற்கு என்று மக்கள் திகைத்தனர். மைக்ரோசாஃப்டும் இன்டெலும் 1999ஆம் ஆண்டுக் கணிப்பொறிகளுக்கென வகுத்த நெறிமுறையில் துளைகளுக்கு வண்ணம் குறித்தன. பச்சை, முன்புறத்து இடமும் வலமும். கறுப்பு, பின்புறத்து இடமும் வலமும். ஆரஞ்சு, நடுவொலியும் அடியொலியும். ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு ஒலிகள். மூன்று கம்பிகளில் ஆறு. அடேர் வகுத்த நியதி இங்கே அப்படியே இருக்கிறது; ஆறு ஒலிக்கு ஆறு தனிப் பாதைகள், கலப்பு இல்லை, சுருக்கம் இல்லை.

எண்வழித் துளை வேறு குலத்தில் பிறந்தது. 1982இல் குறுந்தட்டு வெளிவந்தது. அதில் ஒரு நொடிக்கு 44,100 அளவுகள், ஒவ்வொன்றுக்கும் 16 இரும எண்கள், இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 இரும எண்கள். இவற்றைக் கொண்டுசெல்லச் சோனியும் பிலிப்ஸும் ஒரு கம்பி முறையை வகுத்தன. அவற்றின் பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டு அது எஸ்பிடிஃப் எனப்படுகிறது. 1983இல் தோஷிபா நிறுவனம், செம்புக்குப் பதிலாக ஒளியிழையில் அதே எண்களைச் செவ்வொளித் துடிப்புகளாக அனுப்பும் இணைப்பை அளித்தது. கணிப்பொறியின் பின்னால் செந்நிறமாக மினுங்கும் துளை அதுதான்.

இங்கேதான் கடைக்காரரின் மறுவினா தடுக்கி விழுகிறது. அந்த ஒளியிழை குறுந்தட்டுக்காகப் பிறந்தது. அதில் சுருக்கப்படாத ஒலி இரண்டு தடங்கள்தாம் செல்லும். ஆறு தடங்களை, நொடிக்கு 48,000 அளவாகவும் 16 இரும எண்ணாகவும் அனுப்ப வேண்டுமாயின், நொடிக்கு 46,08,000 இரும எண்கள் வேண்டும். டிவிடித் தட்டில் டால்பி முறையில் சுருக்கி வைத்த ஆறு தடங்களோ 4,48,000 இரும எண்களுக்குள் அடங்கிவிடுகின்றன. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. செவி கவனிக்காது என்று கருதப்படும் நுட்பங்களை விட்டுவிட்டுச் சுருக்குவதனால் இது கைகூடுகிறது. ஆகவே, டிவிடிப் படத்தைச் சுருக்கிய நிலையிலேயே ஒளியிழை வழியாக அனுப்பலாம். மறுமுனையில் அதனை விரிக்கும் கருவி இருந்தால் ஆறு ஒலியும் பிரிந்து வரும். அந்தக் கருவி இல்லாத மலிவான ஒலிபெருக்கிகளில் மௌனமோ, இரைச்சலோ, வெறும் இரண்டு தடங்களோதாம் கிடைக்கும். கணிப்பொறி விளையாட்டுகளின் நிலைமை இன்னும் வேடிக்கையானது. அவற்றின் ஆறு ஒலிகளும் அப்போதைக்கப்போது கணிப்பொறிக்குள்ளேயே கலக்கப்படுகின்றன. சுருக்கி வைத்த மூலம் என்று ஒன்று கிடையாது. அவற்றை ஒளியிழையில் அனுப்ப வேண்டுமானால், கணிப்பொறியே கணந்தோறும் சுருக்க வேண்டும். 2001ஆம் ஆண்டளவில் சில கணிப்பொறிகளில் இந்த வசதி வந்தது. எண்ணிலிருந்து எண்ணுக்குச் சுருக்கி, மறுபடி விரித்து, பிறகு அலையாக்குவது, தமிழை ஆங்கிலமாக்கி அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்குவது போன்றது. சிறிது நேரமும் சிறிது நயமும் வழியில் செலவாகும்.

இவ்வளவும் சொன்னபின், மூன்று செப்புக் கம்பிகளே எப்போதும் மேல் என்று நாம் சாதிக்கவில்லை. அலைவழிக்கு அதற்கே உரிய துன்பங்கள் உண்டு. கணிப்பொறியின் உள்ளே விசிறியும் மின்வழங்கியும் எழுப்பும் இரைச்சல் மெல்லிய அலையில் ஒட்டிக்கொள்ளும். கணிப்பொறியும் ஒலிபெருக்கியும் வேறு வேறு மின்முனைகளில் இருந்தால், நம் நாட்டு மின்சாரத்தின் 50 துடிப்பு "ம்ம்" என்று ஓயாமல் முனகும். ஒளியிழையில் மின்சாரம் பாயாது. ஆகவே அங்கே இந்த முனகல் ஏறாது. அன்றியும், தேவராவில் வாழும் நமக்குக் காயற்காற்றின் ஈரம் தெரியும். ஓர் இடவப்பாதி கழிந்தால் செருகியின் பளபளப்பு மங்கிக் களிம்பு ஏறுகிறது, திருகினால் கரகரக்கிறது. துணியால் துடைத்துச் செருகினால் பெரும்பாலும் சரியாகும். எண்வழி இத்தகைய கரகரப்பை அறியாது. அது கேட்டால் முழுதாகக் கேட்கும், இல்லையேல் அறவே நின்றுவிடும்.

எனவே, விரிக்கும் கருவியும் நல்ல மாற்றியும் கொண்ட தனி ஒலிப்பெருக்கிப் பெட்டி வைத்திருப்பவர், படம் பார்ப்பதற்கு ஒளியிழையை நாடுவது தக்கது. கணிப்பொறிக்கென்று விற்கும் ஆறு ஒலிபெருக்கித் தொகுதியை வாங்கியவர், அதில் மூன்று கம்பிகள் இருந்தால் மூன்றையும் பயன்படுத்துவதே முறை. அதனை விட்டு, எண்வழி உயர்ந்தது என்று கேட்டு ஓர் இழைக்காகக் கூடுதல் விலை கொடுத்தவர், ஆறு பெட்டிகளில் இரண்டின் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். நடுப்பெட்டி ஊமையாக நிற்க, கதாநாயகியின் வசனம் பக்கத்துப் பெட்டிகளின் மேளத்தில் அமுங்கிப்போகும்.

ஆரஞ்சுக் கம்பியைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை வேண்டும். அந்தக் கம்பியில் செல்லும் இரண்டு ஒலிகளில் ஒன்று நடுவொலி, மற்றது அடியொலி என்றோம். செருகியின் நுனி எதற்கு, வளையம் எதற்கு என்பதில் உற்பத்தியாளர்கள் எல்லாரும் ஒன்றுபடவில்லை. ஒருவர் கணிப்பொறியில் மற்றொருவர் ஒலிபெருக்கியைப் பொருத்தினால், இவை இடம் மாறிவிடுவதுண்டு. அப்பொழுது முரசு நடுப்பெட்டியில் திணறும். மனிதக் குரல் தரையில் கிடக்கும் அடிப்பெட்டிக்குப் போய்க் கிணற்றுக்குள் பேசுவதுபோல் கனத்து ஒலிக்கும். பெட்டி பழுது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. பல ஒலியட்டைகளின் மென்பொருளில், நடுவையும் அடியையும் இடம் மாற்றுவதற்கென்றே ஒரு குறிப்பெட்டி இருக்கிறது. அதில் ஒரு குறி இட்டால் போதும். தமிழ் வசனம் உரிய இடத்துக்கு வந்து சேரும்.

2002ஆம் ஆண்டின் இறுதியில் வகுக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. என்னும் கம்பி, இந்தப் பழைய வழக்கைப் பெரிதும் தீர்த்து வைத்தது. படத்தோடு சேர்த்து, சுருக்கப்படாத எட்டு ஒலித்தடங்களை எண்ணாகவே அது கொண்டுசெல்லும். பாதை போதாமை என்னும் குறை அதில் இல்லை. எனினும், மறுமுனையில் அதனை ஏற்கும் பெட்டியின் விலை, கணிப்பொறி ஒலிபெருக்கித் தொகுதியின் விலையைப் போல் பல மடங்கு. மடிக்கணினிகளிலோ கறுப்புத் துளையும் ஆரஞ்சுத் துளையும் மறைந்து, காதொலிக்கென ஒரே துளைதான் எஞ்சியிருக்கிறது. பழைய மூன்று கம்பித் தொகுதியை வைத்திருப்போர், யு.எஸ்.பி. வழியாக இணையும் சிறு ஒலிப்பெட்டி ஒன்றை வெளியே வைத்துக்கொள்ளலாம். அது அலையாக்கும் வேலையைக் கணிப்பொறியின் உள்ளிரைச்சலிலிருந்து விலக்கிச் செய்வதனால், முனகலும் குறைகிறது.

எந்தக் கம்பியானாலும், மூலத்தில் இல்லாததை அது கொண்டுவராது. இணையத்தில் உலாவி வழியாகப் பார்க்கும் படங்கள் பல வேளைகளில் இரண்டு தடங்களாகவே வருகின்றன. 2012இல் 'சிவாஜி' படம் முப்பரிமாணத்தில் மறுபடி வந்தபொழுது, கூரையிலிருந்தும் ஒலி இறங்கும் அட்மாஸ் முறையில் அமைந்திருந்தது. அது அரங்குக்கென அமைந்த ஒலி. வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து 1952ஆம் ஆண்டின் 'பராசக்தி'யைப் பார்க்க நினைத்தால், அதன் வசனம் முழுவதும் ஒரே தடத்தில் பதிவானது. அதற்குப் பச்சைக் கம்பி ஒன்றே போதும்; கறுப்பையும் ஆரஞ்சையும் அன்று சுருட்டி வைத்துவிடலாம்.